தண்ணீர்க் குழாயை அந்தச் சிற்பத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பட்டணத்துக்கு அருகில் மூடப்படவிருக்கும் தோட்டத்தின் கிறிஸ்தவச் சிற்றாலயத்தில் உள்ள வெள்ளைப் புடைப்புச் சிற்பம் பற்றிய செய்தியும் படமும் கடந்த ஞாயிறு இதழில் வந்திருந்தன. வரும் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணி நடத்தி, சிற்பத்தை இறக்கி, நீர்ப்பீய்ச்சியால் கழுவி, வெள்ளை எனாமல் பூசி, பட்டணத்து ஆலயத்தின் வெளிச்சுவரில் சிமெண்டு வைத்துப் பதிக்கப்போவதாக அதில் எழுதியிருந்தீர்கள். தோட்டம் கைமாறினாலும் கோயில் பொருள் கைவிட்டுப் போகக்கூடாது என்று முன்வந்திருப்பவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கழுவுவது, எனாமல் பூசுவது, சிமெண்டு வைப்பது, வெயில்மழை படும் சுவரில் மாட்டுவது ஆகிய நான்கில் எதைச் செய்தாலும் சிற்பத்துக்குக் கேடு. அதனால்தான் இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுகிறோம்.

சிற்பத்தைப் ‘பளிங்கு’ என்று எழுதியிருந்தீர்கள்; பிழை அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. படத்தில் கூரை ஒழுகிய கறைக்கு நேர்கீழே, சிற்பத்தின் வலது மேல்மூலை, கற்கண்டில் தண்ணீர் சொட்டியது போல வரிவரியாகக் குழிந்திருக்கிறது. பளிங்கு அவ்வளவு எளிதில் அப்படிக் கரையாது. இது ஜிப்சம் என்னும் மென்மையான கனிமம் கரையும் விதம். அலபாஸ்டர் என்று வழங்கும் வெள்ளைக்கல், ஜிப்சத்திலேயே நெருக்கமான, நுண்மணி வகை. பழைய தமிழ் விவிலியத்தில் ஒரு பெண் நளததைலம் கொண்டுவரும் ‘வெள்ளைக்கல் பரணி’ என்பதும் இந்தப் பெயரின் மொழிபெயர்ப்புதான். ஆனால் பண்டை எகிப்தில் அந்தப் பெயரால் குறிக்கப்படும் கல் கால்சைட், அது வேறு. ஐரோப்பியச் சிற்பிகள் பலிபீடங்களுக்குச் செதுக்கியது ஜிப்சம் வகையை.

சந்தேகம் தீர எளிய சோதனைகள் உண்டு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் ஜிப்சம் 2, பளிங்கு 3, நம் விரல்நகம் ஏறத்தாழ 2.5. நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும்; பளிங்கில் விழாது. பின்பக்கத்து ஓரத்தில் அரை சென்டிமீட்டர் கீறினால் போதும், முன்பக்கத்தைத் தொட வேண்டாம். ஏற்கெனவே உதிர்ந்த துணுக்கு ஏதாவது கிடந்தால் அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பளிங்கு நுரைக்கும், ஜிப்சம் அப்படியே கிடக்கும். துணுக்கு இல்லையென்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் 2 கிராமுக்கு மேல் ஜிப்சத்தைக் கரைத்துக்கொள்ளும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் புடைப்புச் சிற்பத்தில் ஒரு சிறகின் கோடு, ஆட்டின் ரோமச் சுருள், கண்ணிமை எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் நிற்பவை. தண்ணீர் முதலில் தின்பது அந்த மேல்தோலைத்தான். நீர்ப்பீய்ச்சியானால் கரைப்பதோடு அரிக்கவும் செய்யும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் உள்ளே புகுந்து பெயர்த்துவிடும். நம் வீட்டு பிளாஸ்டர் சீலிங்கும் ஜிப்சம்தான். கூரை ஒழுகினால் அது எப்படிப் பழுத்துத் தொங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

இது கையால் செதுக்கிய கல்லா, அச்சில் வார்த்ததா என்ற கேள்வி அடுத்து வரும். படத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது, நேரில் பார்த்தால் தெரியும். மெல்லிய ஓரத்துக்குப் பின்னால் கைத்தொலைபேசியின் விளக்கைப் பிடியுங்கள். அலபாஸ்டர் தேன் நிறத்தில் உள்ளொளி காட்டும், வார்ப்பு இருண்டே இருக்கும். வார்ப்பில் ஊசிமுனை போன்ற வட்டக் காற்றுக்குமிழிகளும், அச்சுகள் சந்தித்த இடத்தில் மெல்லிய தையல்கோடும், பின்பக்கத்தில் சணல் நாரோ மரச்சட்டமோ காணப்படும். கல்லானால் பழுப்பு அல்லது செம்மண் நிற நரம்புகளும், முதுகில் உளியும் அரமும் ஓடிய தடமும் இருக்கும். தொட்டால் குளிரும். ஐரோப்பியப் பலிபீடங்களைப் பார்த்து வார்த்த பிளாஸ்டர் பிரதிகள் ஆலயங்களில் நிறைய உண்டு, ஆகவே இதுவும் வார்ப்பாக இருந்தால் யாரும் மனம் சோரவேண்டாம். பிளாஸ்டர் என்பது ஜிப்சத்தை 150 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு, அதன் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றிய தூள். தண்ணீர் சேர்த்ததும் மறுபடி ஜிப்சமாகவே இறுகுகிறது. சொல்லப்போனால் வார்ப்பில் நுண்துளை அதிகம், ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். கல்லானாலும் வார்ப்பானாலும் தண்ணீர் ஆகாது.

சிற்பத்தின் பாணி மறுமலர்ச்சிக் காலத்தது என்று செய்தி சொல்வது சரியே. அதற்கு முன் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பட்டறைகள் அலபாஸ்டர் பலகைகளைச் செதுக்கி, வண்ணமும் பொன்னும் பூசிக் கடல்கடந்து விற்றன. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சமயச் சீர்திருத்தம் அந்தத் தொழிலை முடித்துவைத்தது. ஸ்பெயினில் சிற்பி தமியான் ஃபோர்மென்ட் சரகோசாவின் பிலார் பேராலயத்துக்கு 1509 முதல் 1518 வரையிலும், ஊவெஸ்கா பேராலயத்துக்கு 1520 முதல் 1533 வரையிலும் மாபெரும் அலபாஸ்டர் பீடங்களைச் செய்தார். இன்றைய பெல்ஜியத்தில் சிற்பி ழான் மோன் 1533இல் ஹாலே நகர்ப் பீடத்தை முடித்தார். அங்குள்ள மெக்கலன் நகரின் பட்டறைகளோ கையில் ஏந்தும் அளவுச் சிறு பலகைகளைச் செய்து குவித்தன. 1566இல் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் சுரூபங்களை உடைத்த கலவரத்தில் எத்தனையோ அழிந்தன. இந்தக் கல்லை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் இரண்டு. கத்திக்கும் அரத்துக்கும் இணங்கும். மெருகேற்றினால் மெழுகு போல, ஏறத்தாழ மனிதத் தோல் போல ஒளிரும். அதனால் முகத்தையும் உடலையும் வெள்ளையாகவே விட்டு, தலைமுடி, ஆடைக்கரை, சிறகின் விளிம்பு இவற்றுக்கு மட்டும் பொன்கோடு இழுத்தார்கள். எனாமல் பூசினால் மறைவது அந்த ஒளி. பூச்சின் கனத்தில் கோடுகள் தூர்ந்துபோகும். பின்னால் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சோடு சேர்ந்து மேல்தோல் செதிலாக உரியும்.

இனி மிருகங்கள். நடுவில் இருப்பதை ‘குஞ்சுக்கு இரை ஊட்டும் நாரை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோல சிலாங்கூர் சதுப்புநிலப் பூங்காவில் கொக்கும் நாரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. பழைய தமிழ் விவிலியமும் 102ஆம் சங்கீதத்தில் ‘வனாந்தர நாரைக்கு ஒப்பானேன்’ என்றே சொல்கிறது. இலத்தீன் விவிலியத்தில் அதே இடத்தில் நிற்கும் பறவை பெலிக்கன், அதாவது நம் கூழைக்கடா. ஆதித் திருச்சபைக் காலத்தில் கிரேக்கத்தில் எழுந்த பிசியோலோகுஸ் என்ற நூல் அதைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. வளர்ந்த குஞ்சுகள் பெற்றோரின் முகத்தில் கொத்தும். பெற்றோர் திருப்பி அடிக்க அவை மடியும். மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து இரத்தத்தைச் சொட்டவிட, குஞ்சுகள் உயிர்பெறும். சிலுவையில் விலா குத்தப்பட்டு இரத்தம் சிந்திய கிறிஸ்துவுக்கு இதை உவமையாக்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமா தம் நற்கருணைப் பாடலில் இயேசுவைப் பெலிக்கன் என்றே விளிக்கிறார். நற்கருணைப் பேழையின் கதவிலும் பலிபீடத்தின் முகப்பிலும் இந்தப் பறவை வந்து அமர்ந்தது இதனால்தான்.

‘கூழைக்கடா என்றால் தொங்கும் பை எங்கே?’ என்று கேட்கலாம். செதுக்கியவர்களில் பலர் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே கழுகின் வளைந்த அலகும் அன்னத்தின் கழுத்தும் கொடுத்தார்கள். பார்த்தவுடன் அடையாளம் காண இப்படிச் செய்யலாம்: அலகு தன் மார்பிலேயே பதிந்து, கீழே குஞ்சுகள் வாய் பிளந்திருந்தால் பெலிக்கன்; காலடியில் தீக்கொழுந்து இருந்தால் பீனிக்ஸ்; தூக்கிய ஒரு காலில் கல்லைப் பற்றியிருந்தால்தான் கொக்கு, அது உறங்காமல் காவல் நிற்பதன் குறி.

இதைத் தெரிந்துகொள்ளாமல் துடைத்தால் சேதம் நேரும். உங்கள் படத்தில் பறவையின் மார்பில் மூன்று கரும்பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அழுக்கென்று எண்ணி யாராவது தேய்த்து எடுத்துவிடுவார்கள் என்பது எங்கள் பெரிய அச்சம். அந்த இடத்தில் இருக்கவேண்டியது இரத்தத் துளி. சாதிலிங்கம் என்ற பாதரசச் செந்நிறம் ஒளிபட்டுக் கறுப்பது தெரிந்த சங்கதி. மூன்று குஞ்சு, மூன்று துளி. இது தற்செயலாகப் படிந்த கறையாகத் தெரியவில்லை.

மேலே கொடி ஏந்திய ஆட்டை ‘ஆட்டுக்குட்டியும் மேய்ப்பனின் கொடியும்’ என்று விட்டுவிட்டீர்கள். அது யோவான் நற்செய்தி சொல்லும் இறைவனின் செம்மறி, அதாவது கிறிஸ்துவின் குறி. தலையின் ஒளிவட்டத்துக்குள் சிலுவை இருக்கும், அந்த வட்டம் கிறிஸ்துவுக்கு மட்டும் உரியது. முன்னங்கால் ஒன்றை மடித்துக் கொடிக்கம்பை அணைத்திருக்கும். காலடியில் புத்தகம் இருந்தால் தொங்கும் முத்திரைகளை எண்ணுங்கள், விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின்படி ஏழு இருக்கவேண்டும். அந்தக் கொடிக்கம்பும் மடித்த காலும் பின்னணியிலிருந்து விடுபட்டு, அடியில் குடைந்து செதுக்கப்பட்டவை. இத்தகைய சிற்பங்களில் முதலில் ஒடிவது அவையே, அடுத்தது பெலிக்கனின் அலகு. துணி மாட்டி இழுத்தால் கையோடு வந்துவிடும்.

மூலைகளில் உள்ள நான்கு உருவங்களில் காளையை நந்தியின் சாயல் என்றும், அடிப்பட்டையில் உள்ள மயிலை முருகன் வாகனத்தின் தாக்கம் என்றும் செய்தி சொல்கிறது. எழுதியவரின் நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் அவை வந்த வழி வேறு. சிறகுள்ள மனிதன், சிங்கம், காளை, கழுகு நான்கும் எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சியிலும் திருவெளிப்பாட்டிலும் வருபவை; நற்செய்தி எழுதிய நால்வருக்கும் குறியானவை. இயேசுவின் மூதாதையர் பட்டியலோடு தொடங்கும் மத்தேயுவுக்கு மனிதன். பாலைநிலத்தில் முழங்கும் குரலோடு தொடங்கும் மாற்குக்குச் சிங்கம். கோவிலில் செக்கரியா குருப்பணி ஆற்றுவதோடு தொடங்கும் லூக்காவுக்குப் பலிக்குரிய காளை. உயரப் பறக்கும் முன்னுரையுடைய யோவானுக்குக் கழுகு. மயிலின் இறைச்சி அழுகாது என்ற நம்பிக்கை பழைய உரோமை உலகில் இருந்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் சமைத்துப் பரிமாறிய மயிலின் ஒரு துண்டை எடுத்துவைத்துப் பார்த்ததாகவும், ஆண்டு கடந்தும் அது நாறவில்லை என்றும் புனித அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார். அழியா வாழ்வின் குறியாக மயில் கல்லறைகளில் ஏறியது அப்படித்தான். பத்துமலையில் நாம் காணும் மயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூலைத் துண்டுகள் நான்கும் தனித்தனி என்பது படத்தில் இணைப்புக்கோடாகத் தெரிகிறது. கழற்றினால் இடம் மாறிப்போகும். பெருவழக்கு என்னவென்றால், பார்ப்பவரின் இடப்புறம் மேலே மனிதன், வலப்புறம் மேலே கழுகு, இடப்புறம் கீழே சிங்கம், வலப்புறம் கீழே காளை. ஆனாலும் இப்போது வேறு வரிசையில் இருந்தால் நீங்களாக மாற்ற வேண்டாம். 2ஆம் நூற்றாண்டிலேயே புனித இரேனேயு மாற்குக்குக் கழுகையும் யோவானுக்குச் சிங்கத்தையும் சொன்னார்; இன்று நாம் கொள்வது பின்னாளில் புனித எரோணிமு வகுத்தது. இறக்குமுன் முழுதாகவும் துண்டு துண்டாகவும் படமெடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் நூலால் சீட்டுக் கட்டுங்கள். பென்சிலால் சீட்டில் எழுதலாம். கல்லின் மேல் மார்க்கர் பேனா கூடாது, மை உள்ளே இறங்கிவிடும்.

சுத்தம் செய்வது இப்படி. மழையில்லாத நாளில், உலர்ந்த கையோடு, பருத்தி இல்லாத மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தொடங்குங்கள். நீளமான மென்முடித் தூரிகை இரண்டு வேண்டும். மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி, மறுகையில் பிடித்த தூசி உறிஞ்சியின் வாயை நோக்கித் தள்ளவேண்டும். அந்த வாயில் கொசுவலைத் துணி கட்டியிருக்கவேண்டும். உதிரும் துணுக்கு உள்ளே போகாது. உறிஞ்சியின் வாய் கல்லைத் தொடக்கூடாது. குளவிக்கூட்டு மண்ணை நனைத்து இளக்காதீர்கள். சத்தே குச்சியின் (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய குச்சி) முனையை மழுக்கி, நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்குங்கள். கல்லோடு ஒட்டிய கடைசிப் படலத்தை விட்டுவிடுங்கள். பல்லி எச்சத்துக்கும் இதே முறைதான். மெழுகுதிரிச் சொட்டைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் உருக்கக்கூடாது. உருகிய மெழுகு கல்லுக்குள் இறங்கும், சூடு ஏறினால் ஜிப்சம் தன் நீரை இழந்து அந்த இடம் சுண்ணாம்புத் திட்டாய் வெளுக்கும். மூங்கில் தகட்டால் மேற்பகுதியை மட்டும் எடுத்தால் போதும். சவர்க்கார நீர், வெளுப்பு நீர், எலுமிச்சை, ஈரத்துணி எதுவும் வேண்டாம். புகைக்கரியும் பூஞ்சணமும் மிஞ்சினால் மிஞ்சட்டும். அவற்றை எடுக்கத் தகுந்த கரைப்பானையும் அளவையும் பயிற்சி பெற்றவர் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும்.

தோட்டத்துப் பழக்கத்தில் சிலர், பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) பாலைப் பூசி அச்செடுத்து ஒரு நகல் செய்துவைக்கலாம் என்று யோசனை சொல்லக்கூடும். தோட்டத்துப் பச்சைப்பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவே. மீதி பெரும்பாலும் தண்ணீர். காய்ந்ததும் உரிக்கும்போது பொன்கோட்டையும் உதிரும் மேல்தோலையும் சேர்த்து இழுத்துவரும். நகல் வேண்டுமானால் பல கோணங்களில் நூறு, இருநூறு படம் எடுத்துக் கணினியில் முப்பரிமாண வடிவம் ஆக்கலாம், கல்லைத் தொடவே வேண்டியதில்லை.

ஒடிந்த துண்டுகளை உடனடிப் பசையாலோ எப்பாக்சியாலோ ஒட்டாதீர்கள். பிறகு பிரிக்கமுடியாது, மஞ்சளாகவும் மாறும். ஒவ்வொரு துண்டையும் தனிப் பையில் போட்டு, எங்கே கிடந்தது என்று எழுதிவையுங்கள். பாதுகாப்பு வல்லுநர்கள் அசிட்டோனில் கரையும் பாராலோயிட் பி-72 போன்ற, பிறகு கரைத்து எடுக்கக்கூடிய பிசினையே பயன்படுத்துவார்கள்.

தூக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. உயரம், 5 செ.மீ. கனமுள்ள பலகை என்று வைத்தால் 27 கிலோவுக்கு மேல் எடை வரும். மேசையைத் தூக்குவது போலப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் விரிசல் விடும். கண்ணாடித் தகட்டைக் கொண்டுபோவது போல விளிம்பில் நிறுத்தி, இருவர் அடியில் ஏந்தித் தூக்கவேண்டும். லாரியிலும் நிற்கவைத்து, இருபுறமும் நுரைமெத்தை கொடுத்து, சட்டத்தோடு கட்டுங்கள். அச்சடித்த தாளைக் கல்லின்மேல் நேராகச் சுற்றாதீர்கள். நெகிழித் தாளால் இறுக மூடினால் வெயிலில் உள்ளே வியர்த்துவிடும். வெள்ளைப் பருத்தித் துணி போதும். ஆணியோ திருகோ துருப்பிடித்து ஒட்டியிருந்தால் நெம்பவேண்டாம், சுவர்ச் சாந்தைப் பக்கத்திலிருந்து வெட்டி எடுங்கள்.

புதிய இடம் ஆலயத்துக்குள் இருக்கவேண்டும். வெளிச்சுவரின் உட்பக்கம், குளியலறைச் சுவர், குளிர்சாதனக் காற்று நேரே மோதும் இடம் மூன்றும் ஆகா. சிமெண்டால் பதித்தால், ஈரம் சேர்ந்த நாளில் சிமெண்டின் அலுமினியச் சேர்மங்களும் ஜிப்சமும் கூடி எட்ரிங்கைட் என்ற ஊசிப்படிகமாக வளரும். வளர இடமின்றி உப்பிக் கல்லைப் பின்னாலிருந்து பிளக்கும். இரும்பு ஆணி துருவேறிப் பெருத்தாலும் அதே கதி, பழுப்புக் கறை வேறு. துருவேறா எஃகில் அடித்தாங்கி செய்து, பாரம் முழுதும் கீழ்விளிம்பில் இறங்கும்படி நிறுத்தி, மேலே இரண்டு கொக்கிகள் சாயாமல் பிடித்தால் போதும். எஃகுக்கும் கல்லுக்கும் நடுவில் மென்பஞ்சுத் தகடு வையுங்கள். சுவருக்கும் முதுகுக்கும் இடையே குறைந்தது 2.5 செ.மீ. காற்று ஓடட்டும். மெழுகுதிரித் தட்டு ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மாலை சார்த்தும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. ஆனால் நீர் தெளித்த மல்லிகையைச் சிற்பத்தின் மேல் போட்டால் ஒவ்வொரு திருநாளும் ஒரு குளியலாகிவிடும். கீழே தனி மேசை போட்டு அதில் வைக்கலாம். தீர்த்தம் தெளிக்கும்போதும் சிற்பத்துக்கு நேராக வீச வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தொட்டு முத்தமிடுபவர்களுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் கை எண்ணெய் ஏறாது.

ஆலயக் குழுவினருக்கு எங்கள் வேண்டுகோள்: சனிக்கிழமை வேலையைத் தள்ளிவைத்து, இன்றே ஒழுகும் இடத்துக்கு மேல் ஒரு தகரத்தைப் போடுங்கள், பிறகு நான்கு பக்கமும் எடுத்த படங்களோடு மலேசிய அருங்காட்சியகத் துறையின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதி ஆலோசனை கேளுங்கள். ஆசிரியர் அவர்கள் அடுத்த செய்தியில் ‘பளிங்கு’, ‘நாரை’ என்ற இரண்டு சொற்களையும் திருத்தி வெளியிட்டு, மார்பில் உள்ள மூன்று புள்ளிகளைத் துடைக்கவேண்டாம் என்று தனிக்கட்டமிட்டுப் போட்டு உதவவேண்டும்.

இப்படிக்கு,
சுரூப வேலையும் கல்வேலையும் அறிந்த வாசகர்கள் இருவர்,
கோல சிலாங்கூர் வட்டாரம், சிலாங்கூர்.